அந்தத் தெருவில் குழாய் இல்லை

தண்ணீர்ச் சோதனைச் சாலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருவரும் என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். இப்படி எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வழக்கம். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஆனாலும் நான் ஓய்வு பெற்றவள்தான். அந்த ஓய்வு நான் கேட்டு வாங்கியதல்ல.

சீசாவைக் கொதிக்க வைப்பது, கிருமி வளர்ப்பது, நுண்ணோக்கியைத் துடைப்பது எல்லாம் படிப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். சொல்லித் தராத ஒன்று உண்டு. நீங்கள் சோதித்து எழுதும் முடிவை வைத்துக்கொண்டு உங்களுக்கு மேலே இருப்பவர்கள் ஊருக்குப் பதில் சொல்வார்கள். உங்கள் முடிவு உண்மையாக இருக்கும். அவர்கள் பதிலிலும் இது பொய் என்று ஒரு சொல்லைத் தொட்டுக் காட்ட முடியாது. ஆனால் ஒரு தெரு முழுக்க வாந்திபேதியில் கிடக்கும். இது எப்படி நடக்கிறது என்று நான் ஒரு குழாயை வைத்துக் கற்றுக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன். கோபம் தெரிந்தால் தெரியட்டும்.

அப்போது ஸ்ரீரங்கத்துக் குடிநீரை ஒரு தண்ணீர்க் கமிட்டி பார்த்துக்கொண்டது. அந்தக் கமிட்டி இன்று இல்லை. அதில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களின் பெயர்களை எழுத மாட்டேன். அவர்களுடைய பிள்ளைகள் நல்ல உத்தியோகங்களில் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு வழக்கில்லை. காவிரிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து ஏற்றிய தண்ணீர் கோயில் வீதிகளைச் சுற்றிவிட்டு, கடைசியில் கொள்ளிடக் கரையில் இருந்த ஒரு தெருவின் ஒற்றைக் குழாயில் போய் முடியும். காலையிலும் மாலையிலும் மட்டும் திறந்து விடுவார்கள். வாரந்தோறும் சாம்பிள், கமிட்டி திருச்சியில் நடத்திய எங்கள் சோதனைச் சாலைக்கு வரும். வாரந்தோறும் நான் 'திருப்திகரம்' என்று எழுதி அனுப்புவேன். உண்மையாகவே திருப்திகரமாகத்தான் இருந்தது.

ஒருநாள் அஞ்சலை என்ற பெண் ஒரு சோடா சீசாவில் தண்ணீரோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கொள்ளிடக் கரைத் தெருக்காரி. ஒரு ரைஸ் மில்லில் கூட்டுகிற வேலை. அவள் தெருவில் அப்போது வாந்திபேதி பரவியிருந்தது.

"இதைக் கொஞ்சம் பாருங்கம்மா. எங்க தெருக் குழாய்த் தண்ணி. சின்னவன் போயிட்டான். பெரியவ பொழச்சுக் கெடக்குறா."

நான் விதியைச் சொன்னேன். கிருமி நீக்கிய சீசாவில் வராத தண்ணீரைச் சோதிக்க முடியாது. சோதித்தால் தண்ணீரின் அழுக்கா, சீசாவின் அழுக்கா என்று தெரியாது. இந்த விதி சரியான விதி. நீங்களும் அதை மீறாதீர்கள்.

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப உங்க சீசாவையே அனுப்புங்க. வாரா வாரம் கோயில் வீதிக்கு வருதாமே? எங்க தெரு வரைக்கும் வந்தா அதுக்குக் கால் வலிக்குமா?"

சாம்பிள் எடுத்து வருபவர் வரதாச்சாரி. வயதானவர், நல்ல மனிதர், எங்கள் வீட்டுக்குத் தெரிந்தவர். நானும் கோயில் வீதிப் பெண்தான். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"மாமா, கொள்ளிடக் கரைத் தெருக் குழாய்ல எப்போ சாம்பிள் எடுத்தேள்?"

"அங்கயா? நன்னாருக்கு போ. அங்க போயிட்டு ஸ்நானம் பண்ணாம ஆத்துக்குள்ள நுழைய முடியுமா?"

"அங்கேயும் நம்ம குழாய்தானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒரே குழாய். தலைப்புல நன்னாருந்தா வால்லயும் நன்னாத்தான் இருக்கும்."

"அங்க வாந்திபேதி, மாமா."

"அவா பழக்க வழக்கம் அப்படிம்மா," என்றார். குரலில் வெறுப்பே இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். குழாய் போட்டதிலிருந்தே என்றார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, யாரும் போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்துத் தண்ணீர் என்று நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் நாலு வீதித் தண்ணீர். தீட்டுக்குப் பயந்து ஒருவர் நடக்காமல் விட்ட வழியில் ஒரு தெருவே கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

மறுநாள் காலை சீசாக்களை எடுத்துக்கொண்டு நானே போனேன். தண்ணீர் திறக்கும் நேரத்துக்குப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். முதலில் குழாய் காற்றை இழுத்தது, பிறகு சீறியது, பிறகு பழுப்பாக ஒரு பெருக்கு வந்தது. வரிசையில் முதலில் நின்றவள் அதைத் தன் குடத்தில் பிடித்துக் கீழே கொட்டினாள்.

"மொதக் குடம் எப்பவுமே இப்படித்தாம்மா," என்றாள் அஞ்சலை. "கொட்டிட்டுத்தான் புடிப்போம். அன்னிக்கு நான் மில்லுக்குப் போயிட்டேன். சின்னவன் ஓடி வந்து கையை ஏந்திக் குடிச்சுப்புட்டான்."

மேலே எல்லா வீதிகளிலும் குழாய் திறந்திருக்கும்போது இந்தக் கடைசிக் குழாயில் அழுத்தம் இருக்காது. காலியான குழாய் வெளியிலிருப்பதை உள்ளே இழுக்கும். அந்தத் தெருவின் முனையில் குழாய் ஒரு சாக்கடையின் அடியில் போனது. இணைப்பு விட்டிருந்தது. இவ்வளவுதான் சங்கதி. சாக்கடையைக் குடித்துவிட்டு அதைத்தான் முதலில் துப்பியது.

சாம்பிள் எடுக்கும் விதி உங்களுக்குத் தெரியும்: குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். அங்கே நின்றபோது, வரதாச்சாரி மாமா வந்திருந்தாலும் பயனில்லை என்று புரிந்தது. அவர் விதிப்படி ஓடவிட்டிருப்பார், சீசாவில் தெளிந்த தண்ணீர் வந்திருக்கும், நானும் 'திருப்திகரம்' என்று எழுதியிருப்பேன். அதனால் இரண்டு சீசா எடுத்தேன். ஓடவிட்டது ஒன்று. அன்று மாலை மறுபடி திறந்தபோது, ஓடவிடாமல் வாயிலேயே பிடித்தது ஒன்று.

வீட்டு வாசலில் அம்மா என்னை நிறுத்தி, உள்ளே வருமுன் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அது அதே குழாயின் மேல்பகுதித் தண்ணீர். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். சண்டையை எங்கே போடுவது என்று தேர்ந்துகொள்வதும் வேலைதான்.

முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். ஓடவிட்டது நல்ல தண்ணீர். மற்றதைத் தண்ணீர் என்றே சொல்லக் கூடாது.

கமிட்டியின் காரியதரிசியிடம் கொண்டுபோனேன். அவர் ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார், காகிதத்தை முழுக்கப் படித்தார்.

"நல்ல வேலை பண்ணியிருக்கேள். ஆனா இது யார் கேட்ட சாம்பிள்?"

"யாரும் கேட்கலை."

"கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் எழுத ஆரம்பிச்சா ஆபீஸ் நடக்குமா, சொல்லுங்கோ?" காகிதத்தை என் பக்கமே தள்ளிவிட்டார். "இதை நீங்களே வெச்சுக்கோங்கோ. காப்பி ஆறிடப் போறது."

அந்தக் காப்பியை நான் குடிக்கவில்லை. இப்போது நினைத்தாலும் அதில் ஒரு சின்னத் திருப்தி.

கமிட்டியில் ஒரு வக்கீல் அங்கத்தினர் இருந்தார். சோமசுந்தரம் பிள்ளை. நியாயஸ்தர், ஆனால் பேச்சில் மயங்குபவர். வாந்திபேதியைக் கேள்விப்பட்டு அவராகவே ஒரு கேள்வி போட்டார். காவிரியின் பெருமையில் தொடங்கி, மூச்சு வாங்கி, ஸ்ரீரங்கத்துத் தண்ணீர் மனிதர் குடிக்கத் தக்கதுதானா என்று முடிந்தது. காரியதரிசி எழுந்து ஒரே வரியில் பதில் சொன்னார்: ஸ்ரீரங்கத்துத் தண்ணீர் வாராவாரம் சோதிக்கப்படுகிறது, முடிவுகள் திருப்திகரம். வக்கீல் வந்தனம் சொல்லி உட்கார்ந்தார். பதில் உண்மை. கேள்விக்குப் பொருத்தம். என் கையெழுத்து அதற்குச் சாட்சி. அதைப் பிறகு கேள்விப்பட்டபோது எனக்கு வந்த கோபத்தில், இத்தனைக்கும் மேசையைத் தட்டுகிற பெண்ணில்லை நான், கையிலிருந்த பென்சில் ஒடிந்தது.

இந்த இடத்தில் என் குருவைச் சொல்ல வேண்டும். அவரை நான் பார்த்ததில்லை; பெயரும் தெரியாது. சீசாக்களைச் சுற்றுவதற்கு நான் படித்த கன்னிமாடப் பள்ளியிலிருந்து பழைய பத்திரிகைகள் வாங்குவேன். அங்கே இருந்த சிஸ்டருக்கு அயர்லாந்திலிருந்து கட்டுக்கட்டாக வரும். அப்படி ஒரு தாளைப் பிரித்தபோது, அந்த நாட்டுப் பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினர் கேட்ட கேள்விகள் கண்ணில் பட்டன. பிரசங்கமே இல்லை. ஏதோ ஒரு கிராமத்துப் பம்பைப் பற்றிக் கேட்கிறார். அது கடைசியாக எப்போது ஓடியது, யார் போய்ப் பார்த்தார், பார்த்தவர் அதிலிருந்து தண்ணீர் குடித்தாரா. மந்திரி, உள்ளூர்க் கவுன்சில் யோசித்து வருகிறது என்கிறார். நான் கவுன்சிலைக் கேட்கவில்லை, பம்பைக் கேட்டேன் என்கிறார் இவர். வேறொரு தாளில் ஒரு தபாலாபீஸ். இன்னொன்றில் டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரி. பிறகு மறுபடி அதே பம்பு. எல்லாமே ஒரு சின்னப் பொருளின் மேல் விரலை வைத்து அழுத்துகிற கேள்விகள். அச்சில் வந்த முதல் கேள்வி எப்போதும் சாதுவாக இருக்கும்; கடிக்கிற கேள்வியை மந்திரி பதில் சொன்ன பிறகு எழுந்து கேட்பார்.

பெயர் இருந்த மூலை ஈரத்தில் கிழிந்துவிட்டது. சிஸ்டரிடம் கேட்டேன். "யாராக இருந்தா என்ன? எங்க ஊர்ல சாப்பாட்டு மேசையிலகூட எல்லாரும் இப்படித்தான்," என்று சிரித்தார்.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வக்கீல் வீட்டுக்குப் போனேன். உத்தியோகத்தில் இருப்பவள் அப்படிப் போகக் கூடாது. தெரிந்தே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஸ்ரீரங்கம்னு கேட்டா ஸ்ரீரங்கம்னு பதில் வரும் சார். எந்தெந்தக் குழாய்ல சாம்பிள் எடுக்கறீங்கன்னு மட்டும் நோட்டீஸ் கொடுங்க. தெருப் பேரை எழுத வேண்டாம். அவங்க பதில் சொன்ன பிறகு எழுந்து, கொள்ளிடக் கரைத் தெருக் குழாய் ஏன் அதுல இல்லைன்னு கேளுங்க."

"அவ்வளவுதானா? பொதுஜன சுகாதாரத்தைப் பத்தி ஒரு பேச்சு தயார் பண்ணி வெச்சிருக்கேனேம்மா. அதை எங்க சேர்க்கிறது?"

"பெட்டியில சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆகட்டும் என்றார். ஆனால் நோட்டீஸ் கொடுத்தபோது தெருப் பெயரை முழுசாக எழுதிவிட்டார். ஏன் என்று பிறகு கேட்டேன். "சொல்லாம கொள்ளாம எதிராளியை மடக்கினா அது நாகரிகமா? கோர்ட்லகூட நான் அப்படிச் செய்யறதில்லைம்மா." அவரிடம் ஏன் அதிகக் கேஸ் வருவதில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லி உத்தரவு. காரியதரிசிக்குப் பின்னால் நாற்காலி. உள்ளே போகுமுன் அவர் மெதுவாகச் சொன்னார்: "உங்களை ஏதும் கேட்க மாட்டா. கேட்டா, பதிவுல இல்லைன்னு சொன்னாப் போறும்." கூடத்தின் பின்பக்கம் அஞ்சலையும் அவள் தெருப் பெண்கள் சிலரும் நின்றிருந்தார்கள்.

வக்கீலின் கேள்வி வாசிக்கப்பட்டது. காரியதரிசி எழுந்தார்.

"கனம் அங்கத்தினர் குறிப்பிடும் தெருவில் குழாய் ஏதும் இல்லை. ஆகவே அதில் சாம்பிள் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை."

சபையில் சிரிப்பு. இல்லாத குழாய்க்குக் கேள்வி கேட்ட வக்கீலைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

"முந்தாநாள் வரைக்கும் இருந்துச்சே சாமி! ஆளுங்க வந்து புடுங்கிட்டுப் போனாங்களே!"

"வெளியாள் பேசக் கூடாது," என்றார் சேர்மன். டவாலிச் சேவகன் அவளை நோக்கி நகர்ந்தான்.

கேள்வி வந்தது. பதில் எழுத வேண்டும். உண்மையான பதில் வேண்டும். அதற்காகக் குழாயைப் பிடுங்கிவிட்டார்கள். தங்கைகளே, பொய் சொல்வதற்குக்கூட அவர்களுக்குத் துணிவில்லை. அவர்கள் வாக்கியம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு தெரு தண்ணீரில்லாமல் கிடந்தது.

வக்கீல் எழுந்து நின்றார். "சேர்மன் அவர்களே, இந்தப் புண்ணிய க்ஷேத்திரத்திலே, காவிரி அன்னையின் மடியிலே..."

"பிரசங்கம் வேண்டாம். துணைக் கேள்வி உண்டுன்னா கேளுங்க."

அவர் பின்னால் திரும்பி அஞ்சலையைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"முந்தாநாள் அங்கே குழாய் இருந்ததா?"

வாழ்க்கையில் அவர் கேட்ட மிகச் சிறிய கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அதற்குத் தனி நோட்டீஸ் தேவை," என்றார் காரியதரிசி.

சேர்மன் விஷயத்தை அத்துடன் முடிக்க எண்ணி என்னைப் பார்த்தார். "சோதனைச் சாலையிலேர்ந்து வந்திருக்காங்களே. ஏம்மா, உங்க பதிவுல அந்தத் தெரு உண்டா?"

என்னிடம் மூன்று பதில்கள் இருந்தன. 'பதிவில் இல்லை' என்பது உண்மை, முழு உண்மை, அதைச் சொன்னால் என் வேலை நிலைக்கும். 'எனக்குத் தெரியாது' என்பது பொய், ஆனால் எவரும் நிரூபிக்க முடியாது. மூன்றாவதைச் சொல்ல என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் ஆபீஸ் நடக்காது. நடக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

"பதிவில் இல்லை. குழாய் இருந்தது. அதில் நானே சாம்பிள் எடுத்தேன். அதில் சாக்கடை கலந்திருந்தது."

சிரிப்பு நின்றது. காரியதரிசி மட்டும் அசரவில்லை. திரும்பி, அதே மெல்லிய குரலில் கேட்டார்: "விதிப்படி ஓடவிட்டு எடுத்தேளா?"

"ஓடவிட்டு ஒன்று, ஓடவிடாமல் ஒன்று. ஓடவிட்டது நன்றாக இருந்தது."

"அப்போ விதிப்படி தண்ணீர் நன்றாகத்தான் இருந்ததுன்னு ஆறது."

"விதியைக் குழந்தைக்கு யாரும் சொல்லவில்லை. அது முதல் தண்ணீரைக் குடித்தது."

பின்னால் அஞ்சலை நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் குரல் உடைந்திருக்கும். அந்தச் சபைக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. சேர்மன் தொண்டையைக் கனைத்து அடுத்த விஷயத்துக்குப் போனார்.

நான் பேசியதால் மறுநாளே குழாய் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வரவில்லை. அந்தத் தெருக்காரர்கள் கொள்ளிடத்து மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள். மணலூற்றுத் தண்ணீர் சுத்தம், வாந்திபேதி நின்றது. அடுத்த கூட்டத்தில் கமிட்டி அதையே பதிலாக்கியது: குழாய் இல்லாததால் நோய் இல்லை, ஆகவே குழாய் அவசியமில்லை. அஞ்சலையோடு பின்பக்கம் நின்று, வாசித்தவர் முகத்தில் வெட்கம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். நல்ல இஸ்திரி போட்ட அங்கவஸ்திரம்தான் தெரிந்தது.

"ஆடியில வெள்ளம் வந்தா ஊத்து எங்க இருக்கும்? அதை யாராச்சும் கேளுங்களேன்," என்றாள் அஞ்சலை.

வக்கீல் கேட்டார். அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்டார்: "குழாய் வந்துவிட்டதா?" பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் சிரித்தார்கள். பிறகு முகம் சுளித்தார்கள். பிறகு, அவர் எழுந்தாலே சேர்மன் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் அந்த ஒற்றைக் கேள்விக்காகவே கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார். அந்தப் பொதுஜன சுகாதாரப் பேச்சு இன்னும் வக்கீலின் பெட்டியில் இருக்கிறது. அதை நிகழ்த்தியிருந்தால் மறுநாளே எல்லோரும் மறந்திருப்பார்கள்.

கொள்ளிடத்தில் புதுத் தண்ணீர் வருவதற்குள் குழாய் வந்தது. சாக்கடைக்கு அடியிலிருந்து விலக்கிப் புதுப் பாதையில் போட்டார்கள். நான் போய் ஓடவிடாமல் பிடித்தேன். சுத்தமாக இருந்தது. கமிட்டிப் பதிவேட்டில் அந்தத் தெருவில் குழாய் இல்லை என்ற பதில் அப்படியே இருக்கிறது. அதை இன்றுவரை யாரும் திருத்தவில்லை.

பிறகு என் முறை. என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. நீக்கினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். சோதனைச் சாலைக்கு உதவியாளர் பதவி தேவையில்லை என்று தீர்மானம் போட்டார்கள். அப்படி ஒரு பதவியே இல்லை. ஆகவே அதில் யார் இருந்தார் என்ற பேச்சுக்கும் இடமில்லை. அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கடைசி நாள் அந்தத் தெருவுக்குப் போனேன். அஞ்சலை குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்களையும் புடுங்கிட்டாங்களாமேம்மா?"

"ஆமா."

"திருப்பி நடுவாங்களா?"

"கேட்டுக்கிட்டே இருந்தா நடுவாங்க."

"எங்களுக்கு வக்கீலய்யா கேட்டாரு. உங்களுக்கு யாரு கேப்பா?"

நான் அவள் குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தேன். உலகப் போர் வந்ததும் சிஸ்டருக்கு அந்தப் பத்திரிகைகள் வருவது நின்றுபோனது. அந்தக் கிராமத்துப் பம்பு ஓடியதா என்றும் எனக்குத் தெரியாது.

இப்போது அந்தப் பதவி மறுபடி உண்டாகி, அதில் நீங்கள் இருவர் இருக்கிறீர்கள். யார் கேட்டு வந்தது என்று நான் விசாரித்தேன். கொள்ளிடக் கரைத் தெருவிலிருந்து வருஷாவருஷம் கைநாட்டு வைத்த மனு ஒன்று போய்க்கொண்டிருந்ததாம். இப்போதெல்லாம் அதை எழுதுவது அஞ்சலையின் பெரியவளாம்.

வாரச் சாம்பிளை அங்கேயிருந்து தொடங்குங்கள். தண்ணீர் திறக்குமுன் போய் நில்லுங்கள். முதல் சீசாவை ஓடவிடாமல் பிடியுங்கள்.